கருப்பன் மலையேறாத வருசம்

எங்க தெருச் சாமி வந்தாப் போயிரும். வந்த எடத்துல சட்டமா உக்காந்துக்கிடுற சாமி இல்ல அது. விருந்தாளி மாதிரி, கூப்புட்டா வரும், குடுத்ததைத் திங்கும், கேட்டதுக்குப் பதில் சொல்லும், போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு மலையேறிரும். அதான் அதுக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை. ஒரு வருசம் மட்டும் அது போகல. அந்த வருசத்துக் கதையத்தான் சொல்றேன். கேக்குறவுக கேளுங்க, வேலை கெடக்குறவுக எந்திரிச்சுப் போங்க, நான் யாரையும் புடிச்சு வைக்க மாட்டேன்.

எங்களுது கரிசக்காட்டுல தீப்பெட்டி ஊரு. எந்த வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தாலும் ஒருத்தி குச்சி அடுக்கிக்கிட்டு இருப்பா, ஒருத்தி பெட்டி ஒட்டிக்கிட்டு இருப்பா, ஆபீஸுக்குப் போறேன்னு சொன்னா அது தீப்பெட்டி ஆபீஸ்தான், வேற ஆபீஸ் எங்களுக்குத் தெரியாது. தெரு முடியிற எடத்துல ஒரு வன்னி மரம், அதுக்கடியில நட்டு வச்ச ஒரு கல்லு, அதான் வன்னிக்கருப்பன். கூரை இல்ல, சுவரு இல்ல, கதவு இல்ல, ஆடு வந்து ஒரசிக்கிட்டு நின்னாலும் கருப்பன் கோவிச்சுக்கிட்டது இல்ல. பங்குனி கடைசிச் செவ்வாய்க்கெழமை உச்சிப் பொழுதுல அங்கன பொங்கல் வைப்போம். உறுமி உறும, கெடா விழுக, பானை பொங்கி வழிய, எனக்குக் கொழுந்தன் முறையாகுற வெயிலுமுத்து மேல கருப்பன் வந்து எறங்குவான். வெயிலுமுத்து ஆபீஸ்ல குச்சிக்கு மருந்து கலக்குறவன், பேச்சு கம்மி, பொண்டாட்டி வேலுத்தாய்க்கும் அவ போடுற டீக்கும் அடங்குன மனுசன். அப்பேர்ப்பட்ட அமைதியான ஆளு மேல வந்துதான் கருப்பன் அந்த ஆட்டம் ஆடுவான்.

ஆடி முடிச்சதும் சாமி பாட்டுக்குக் குறி சொல்லிட்டுப் போயிர முடியாது. எங்க தெருவுல கேள்விக்கார வீடுன்னு ஒரு வீடு உண்டு. வேலுத்தாயோட அய்யா தங்கச்சாமி சின்னைய்யாதான் கேள்விக்காரரு. தோள்ல தண்ணிக்குடத்தோட சாமிக்கு முன்னால நெஞ்ச நிமித்தி நிப்பாக, ஒரு கும்புடு கெடையாது. "யாரு வந்திருக்கது?"ன்னு கேப்பாக. நாங்க அத்தனை பேரும் "சொல்லு சாமி, சொல்லு"ம்போம். சாமி பேரைச் சொல்லும். "எதுக்கு வந்த?"ம்பாக. சொல்லு சாமி, சொல்லு. சாமி சொல்லும். மழை தாரேன்னு வாக்குக் குடுத்துட்டுத் தராமப் போயிருந்தா அதுக்கும் அங்கனயே கேள்வி விழும், கருப்பன் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னதை நானே பாத்துருக்கேன். கடைசிக் கேள்வி, "எப்பப் போவ?" அதைக் கேட்டதும் கருப்பனுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும், பல்லைக் கடிப்பான், மண்ண எத்துவான், என்னையவா போகச் சொல்றன்னு சீறுவான். சின்னைய்யா அசைய மாட்டாக. நாங்களும் விட மாட்டோம். சொல்லு சாமி, சொல்லுன்னு தெருவே நின்னு கேக்கும். "நான் கேக்குறது பாதி, தெரு கேக்குறது மீதி. தெரு வாயத் தொறக்கலன்னா நான் கேட்டதுக்கு அர்த்தமே இல்ல"ன்னு சின்னைய்யா அடிக்கடி சொல்லுவாக.

அப்புறம் கருப்பன் எறங்கி வருவான். சரி, போயிட்டு வாரேன், சூடத்தை வையிம்பான். உள்ளங்கையில சூடத்தை வச்சுக் கொளுத்துவோம், அது எரிஞ்சு அணையிறப்பச் சாமி மலையேறிரும், கொடத்துத் தண்ணிய அவன் தலையில ஊத்துவாக, வெயிலுமுத்து முழிச்சுப் பாத்து, "ஏ வேலு, டீ இருக்கா?"ம்பான். வேலுத்தாய் அங்கனயே மூணு கல்லைக் கூட்டி, மடியில சொருகியிருக்க தீப்பெட்டிய எடுத்து அடுப்பைப் பத்த வைப்பா. இம்புட்டு நேரம் கெடா ரத்தம் குடிச்ச வாயிக்கு டீ கேக்குதோன்னு எவளாச்சும் கேலி பேசுவா. சாமிய இப்படியா பேசுறதுன்னு அசலூர்க்காரக மூக்கு மேல வெரலை வைப்பாக. சாமி போயிருச்சுய்யா, இது வெயிலுமுத்து, நாளைக்கு ஆபீஸுக்குப் போற ஆளும்போம்.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க பெரியய்யா மகன் கொம்பையா அண்ணன் வேதத்துல சேந்து எபனேசர்னு பேரு வச்சுக்கிட்டாக. ஞாயித்துக்கெழமை வேதக்கோயிலுக்குப் போவாக, பொங்கலன்னைக்கு எங்க பந்தியில உக்காந்து கறிச்சோறு தின்னுட்டுப் போவாக. கருப்பனைக் கும்புட மாட்டாக, கருப்பனும் அவுக எலையப் புடுங்குனது இல்ல. போனவுகள நாங்க வைய மாட்டோம், வந்தவுகளக் கட்டிப் போட மாட்டோம். அதெல்லாம் ஒரு பெரிய விசயம்னே எங்களுக்கு அப்பத் தெரியாது.

அந்த வருசம் தை மாசம் தங்கச்சாமி சின்னைய்யா செத்துப் போனாக. ஆம்பளப் புள்ள கெடையாது, வேலுத்தாய் ஒத்தப் பொம்பளப் புள்ள. பொங்கல் சாட்டத் தெருக் கூடுனப்ப அவ எந்திரிச்சு, "எங்கய்யா எடத்துல நான் கேக்குறேன்"னா. ஆம்பளைக ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாக. பொம்பள கேக்கலாமான்னு ஒருத்தரு. அதுவும் புருசன் மேல வந்த சாமியப் பொண்டாட்டிக்காரி எப்பப் போவன்னு கேட்டா ஊரு சிரிக்காதான்னு ஒருத்தரு. தெரு நாட்டாமை தெய்வேந்திரன் அண்ணாச்சி, தையக்கடை வச்சிருக்கவுக, யாரு மனசும் நோகாமப் பேசித் தீக்குறவுக, "இந்த ஒரு வருசம் கேள்வி இல்லாமப் போகட்டும்த்தா. எப்பப் போகணும்னு சாமிக்குத் தெரியாதா? அடுத்த வருசம் பங்காளிகள்ல ஆளு பாத்துக்கிடுவோம்"னு முடிச்சாக. எங்க எல்லாருக்கும் அது நல்ல ரோசனையாத்தான் பட்டுச்சு. கேள்வி இல்லன்னா கறிச்சோறு வெரசா வரும்னு நெனச்ச ஆளுகளும் உண்டு.

பொங்கல் வந்துச்சு. உறுமி உறுமுச்சு, கெடா விழுந்துச்சு, கருப்பன் வந்தான், ஆடுனான், நின்னான். யாரும் ஒண்ணும் கேக்கல. தெய்வேந்திரன் அண்ணாச்சி பவ்யமாப் போயி அவன் உள்ளங்கையில சூடத்தை வச்சுக் கொளுத்துனாக. அது அணையல. அணையும் அணையும்னு பாத்தோம், சூடம் கரையவும் இல்ல, தீ தாழவும் இல்ல. கொட்டுக்காரக கை ஓஞ்சு உக்காந்தாக, கறி வெந்து எறங்குச்சு, ஆறுச்சு, புள்ளைக தின்னுட்டு மர நெழல்ல படுத்துக்கிட்டாக, வெயிலு தாழ்ந்துச்சு, அவன் நீட்டுன கையி நீட்டுனபடி நிக்கான். கொடத்துத் தண்ணிய ஊத்துனோம், தண்ணி தீ மேல விழுந்து வழிஞ்சு ஓடுச்சு, தீ அங்கனயே நின்னுச்சு. ஈரச் சாக்கைப் போத்துனோம், சாக்கு கருகல, தீயும் சாகல. பொழுது அடையிறப்ப, சரி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்னு ஆளுக்கொரு பக்கமாப் புடிச்சுக் கூட்டியாந்தோம். மறுநா ஆபீஸு இருக்குல்ல.

சொன்னா நம்புவீகளோ என்னமோ, கொஞ்ச நாள்ல அது எங்களுக்குப் பழகிப் போச்சு. கரண்டு போனா அக்கம் பக்கத்துப் புள்ளைக அவன் கைக்குப் பக்கத்துல உக்காந்து பாடம் படிச்சாக, அடுப்புக்கு நெருப்பு வேணும்னா வரட்டியக் கொண்டு போயிப் பத்த வச்சுக்கிட்டு வந்தோம், எளவட்டங்க பீடிய நீட்டி, "அண்ணே, கொஞ்சம் காட்டுங்க"ன்னாக, மழை பேஞ்சா அவன் நனைஞ்சான், தீ நனையல, படுக்குறப்ப வேலுத்தாய் அந்தக் கைய எடுத்து ஒரு பித்தளத் தாம்பாளத்துல வச்சிருவா. வரட்டியப் பத்த வைக்கிற தீ அவன் தோலை ஏன் சுடலன்னு யாரும் ஆராஞ்சு பாக்கல. ஆபீஸ்ல மட்டும், இந்தக் கையோட மருந்துப் பக்கம் வந்துராதய்யான்னு கும்புட்டுச் சொல்லி அனுப்பிட்டாக. அது நாயந்தான்.

வேலுத்தாய்க்குக் கையப் பத்திக் கவலை இல்ல. "அது எரிஞ்சுட்டுப் போகட்டும் ஆவுடையக்கா"ன்னா எங்கிட்ட. "காலையில டீயப் போட்டு முன்னால வைக்கேன், ஆடை விழுந்து அப்படியே கெடக்கு. கண்ண இமைக்க மாட்டேங்காரு. என்னயத் தாயிங்காரு அக்கா, கட்டுன பொண்டாட்டியத் தாயிங்காரு. ஒரே ஒரு தடவை வேலுன்னு கூப்புட்டாருன்னா எனக்குப் போதும்." அழுதுக்கிட்டே சொல்லல, குச்சி அடுக்கிக்கிட்டே சொன்னா. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவ அந்த வருசம் பூராவும் அலைஞ்சா, அதை மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க.

தெய்வேந்திரன் அண்ணாச்சி சம்சாரம் பவுனுத்தாய்க்கு இளைப்பு. கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து அவ நீட்டிப் படுத்து யாரும் பாத்தது இல்ல, செவத்துல சாஞ்சு உக்காந்தபடிதான் தூக்கம், மூச்சு இழுக்குற சத்தம் தெருவுக்கே கேக்கும். ஒரு நா அடுப்புக்கு நெருப்பெடுக்க வந்தவ அந்தக் கைக்கு முன்னால ரெண்டு மூச்சு இழுத்தா, மூணாவது மூச்சுல சத்தம் நின்னு போச்சு. வீட்டுக்குப் போயி மல்லாந்து படுத்துத் தூங்குனா. அண்ணாச்சி வாசல்ல உக்காந்து கேவிக் கேவி அழுதாக. அவுக சூதுவாதுக்காரக இல்ல, உண்டியல் வைக்கல, ஒருத்தர் கிட்ட ஒரு காசு வாங்கல, அதை நான் எங்கன வேணாலும் சொல்லுவேன். அவுகளுக்கு அந்தத் தீ அணைஞ்சிரக் கூடாதுன்னு பயம் வந்துருச்சு, அம்புட்டுத்தான். பயந்தவுக கையில சாமி மாட்டுனா என்ன ஆகும்னு அதுக்கப்புறந்தான் பாத்தோம்.

பீடி பத்த வைக்கக் கூடாதுன்னாக, அது சரின்னு பட்டுச்சு. செருப்பைக் கழட்டிட்டு வாங்கன்னாக, அதுவும் சரின்னு பட்டுச்சு. குளிச்சுட்டு வாங்க, வெள்ளை உடுத்திக்கிட்டு வாங்க, பேசாம வாங்க, சாமி பேசாம இருக்கப்ப நமக்கென்ன பேச்சுன்னாக, ஒவ்வொண்ணும் அதுக்கு முந்துனதை விடக் கொஞ்சந்தான் கூட, அதனால ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டுனோம். சாமி வாயத் தொறக்கலன்னா சாமிக்குப் பதிலாப் பேச ஒரு வாயி வந்துருது. கெடா வெட்டுக் கேட்ட கருப்பனுக்குப் பாலும் பழமும் போதும்னாக. வேலுத்தாய் புருசனுக்குப் புடிச்ச கருவாட்டுக் கொழம்பைத் தூக்குவாளியில கொண்டு போனா, வாடை ஆகாதுன்னு வாசல்லயே திருப்பி அனுப்புனாக. கருப்பனுக்குக் கருவாடு ஆகாதாம். அடப் பாவிகளா, அவன் சுருட்டுக் குடிக்கிறவன்யா, அவன் எப்பய்யா சைவம் ஆனான்னு எனக்கு வயிறு எரிஞ்சுச்சு, ஆனா வாயத் தொறக்கல. அதுக்கு முந்தியே மரத்தடியில தகரக் கொட்டகை போட்டு, அதுக்கு ஒரு கதவு வச்சு, சாமிக்கு ஏது பொண்டாட்டின்னு சொல்லி அவனை வீட்டுல இருந்து அங்க கூட்டிட்டுப் போயிருந்தாக. அதுக்கப்புறம் வேலுத்தாயும் எங்களோட வரிசையில நின்னுதான் தன் புருசனைப் பாத்தா. "நல்லாருப்ப தாயி"ம்பான், எல்லாருக்கும் அந்த ஒரு வார்த்தைதான், அடுத்த ஆளுன்னு தள்ளி விட்ருவாக.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. கைநெருப்பு இருக்கப்ப வீட்டுல குச்சி நெருப்பு ஆகாதுன்னாக. வீட்டுல தீப்பெட்டி இருக்கக் கூடாது, அடுப்புக்கும் வெளக்குக்கும் கொட்டகையில வந்துதான் நெருப்பு வாங்கணும். தீப்பெட்டி செய்யிற தெருவுல இப்படி ஒரு சட்டம். நாங்க பகல் பூராவும் ஆபீஸ்ல குச்சிய அள்ளி அள்ளிப் பெட்டியில அடைச்சோம், சாயந்தரம் வந்து சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்தவுக மாதிரித் தலை முழுகிட்டு, வெள்ளையக் கட்டிக்கிட்டு, தணல் சட்டியத் தூக்கிக்கிட்டு வரிசையில போயி நின்னோம். மேல வீட்டு முத்துராக்கு ஒரு நா, புள்ளைக்குக் காய்ச்சல், வெந்நி வைக்கணும், வரிசை நீளமா இருக்குன்னு ஒரு குச்சிய ஒரசிட்டா. மறுநாள்ல இருந்து அவளுக்குத் தண்ணி குடுக்க ஆளு இல்ல, பேச்சுக் குடுக்க ஆளு இல்ல. அவுக வீட்டைப் பூட்டிட்டுத் திருப்பூருக்கு வண்டியேறுனப்ப, இனிமே அந்தக் குடும்பத்துப் பேரை யாரும் சொல்லக் கூடாதுன்னு அண்ணாச்சி சொல்லிட்டாக. நாங்களும் சொல்லல. அவளும் நானும் ஒண்ணா ஆபீஸுக்கு நடந்தவுக.

ஒரு நா கொட்டகையில வரிசை கொறஞ்ச நேரமாப் பாத்து வேலுத்தாய் அவன் முன்னால நின்னு, மெதுவா, எப்பப் போவன்னு கேட்டுட்டா. அவன் செவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்துருந்தான். தெரு கேக்காத கேள்வி சாமிக்குக் கேக்காதுன்னு அவுகய்யா சொன்னதுதான் நெசம்னு அவளுக்கு அப்பத் தெரிஞ்சுச்சு. அதுல இருந்து வீடு வீடா ஏறி எறங்குனா. "அக்கா, பொங்கலன்னைக்கு நான் கொடத்தோட வந்து கேப்பேன். சொல்லு சாமின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும்"னு கெஞ்சுனா. எல்லாரும் கதவைப் பாதி சாத்திக்கிட்டு, "நாலு பேரு சொன்னா நானும் சொல்றேன்த்தா"ன்னோம். நானும் அதையேதான் சொன்னேன். தெருவே அந்த நாலு பேருக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு, அந்த நாலு பேரு யாருன்னு ஒருத்தருக்கும் தெரியல. ஒரு வீட்டுக்கு மட்டும் அவ போகல. பவுனுத்தாய் வீட்டுக்குப் போனியாடின்னு கேட்டேன். "அந்தத் தீ அவ மூச்சுக்கா. அதை நான் எந்த வாயால கேக்க?"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

பங்குனி கடைசிச் செவ்வா வந்துச்சு. உறுமி இல்ல, கெடா இல்ல, பந்தி இல்ல. வழக்கம் போலச் சோறு திங்க வந்த கொம்பையா அண்ணனைத் தெரு மொனையிலயே நிறுத்திட்டாக, வேத்தாளு உள்ள வரக் கூடாதாம். அவுக வெயில்லயே நின்னாக. அன்னைக்கு மட்டும் கொட்டகைக்கு வெளிய, மரத்தடியில, அவனைக் கொண்டாந்து நிறுத்துனாக, நாங்க வெள்ளையக் கட்டிக்கிட்டுத் தரையில உக்காந்து இருந்தோம், புள்ளைகளக் கூட வாயப் பொத்தி வச்சிருந்தோம், மரத்துல காக்கா கத்துறது மட்டுந்தான் சத்தம்.

வேலுத்தாய் செவப்புச் சேலை கட்டிக்கிட்டு வந்தா. அவுகய்யா தோள்ல வச்சுக்கிட்டு வருவாக, அவ இடுப்புல வச்சுக்கிட்டு வந்தா, கொடம் ஒண்ணுதான். நேர போயி அவன் முன்னால நெஞ்ச நிமித்தி நின்னா. கும்புடல.

"யாரு வந்திருக்கது?"ன்னு கேட்டா.

தெய்வேந்திரன் அண்ணாச்சி பதறி எந்திரிச்சாக. "ஏத்தா, சாமிய எதுத்துப் பேசக் கூடாது. போயி வரிசையில உக்காரு. அதுக்குக் கோவம் வந்து போயிருச்சுன்னா நம்ம கெதி என்னத்தா?" அதட்டல் இல்ல அது, கெஞ்சல்.

வேலுத்தாய் அவுகளத் திரும்பிப் பாக்கல. எங்களத்தான் பாத்தா. ஒவ்வொருத்தி மூஞ்சியா, மெதுவா. நாங்க தரையப் பாத்தோம். காக்கா கத்துச்சு. கொடம் இடுப்புல கனத்துருக்கும், கொஞ்சம் ஏத்தி வச்சுக்கிட்டா. மறுபடியும், "யாரு வந்திருக்கது?"ன்னா.

"சொல்லு சாமி, சொல்லு"ன்னு ஒரு கொரலு.

பவுனுத்தாய். மொத வரிசையில, அண்ணாச்சிக்குப் பக்கத்துல இருந்து, நல்ல முழு மூச்சுல, தெளிவாச் சொன்னா. அண்ணாச்சி அவ கையப் புடிச்சாக. அவ கைய விலக்கல, புடிச்சபடியே இருக்க விட்டுட்டு மறுபடியும் சொன்னா, "சொல்லு சாமி, சொல்லு." யாரு சொல்லக் கூடாதோ அவளே சொல்லிட்டா, அதுக்கப்புறம் மத்தவளுக்கு என்ன வாயி வலிக்குதா? நான் சொன்னேன், எனக்குப் பின்னால இருந்தவ சொன்னா, தெரு மொனையில இருந்து கொம்பையா அண்ணனும் சேந்து சத்தம் போட்டாக, ஒரு வருசமா வாயடைச்சுக் கெடந்த தெரு எந்திரிச்சு நின்னு, சொல்லு சாமி, சொல்லுன்னு கேட்டுச்சு.

"வன்னிக்கருப்பன்"னான் அவன்.

"எதுக்கு வந்த?"

"கூப்புட்டீக, வந்தேன்."

"எப்பப் போவ?"

சொல்லு சாமி, சொல்லு. அவன் பல்லைக் கடிக்கல, மண்ண எத்தல, சீறல. ஒரு வருசமா இமைக்காத கண்ணுல தண்ணி வழிஞ்சுச்சு. "இதைக் கேக்க ஆளு இல்லாமத்தான் தாயி நின்னுக்கிட்டு இருக்கேன். விருந்துக்கு வந்தவன் சொல்லாமப் போகலாமா? காலு கடுக்குது. போயிட்டு வாரேன்"னான்.

"போயிட்டு வா சாமி"ன்னோம் அத்தனை பேரும்.

தீ படக்குன்னு அணைஞ்சு போச்சு. அடுத்த மூச்சுல வெயிலுமுத்து போட்ட அலறலை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஒரு வருசமாச் சுடாத தீ அந்த ஒரு நொடியில சுட்டுச்சு, உள்ளங்கை கருகி, வெரலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிச் சுருண்டு போச்சு, அந்தக் கை இன்னைக்கும் அப்படித்தான் இருக்கு, மருந்து கலக்க ஆகாது. வேலுத்தாய் கொடத்தைக் கவுத்துனா. தண்ணியோட தண்ணியா அவன் மண்ணுல சரிஞ்சு விழுந்தான், அவ மடியில தாங்கிக்கிட்டா. கண்ண இமைச்சான். ஒரு தடவை, ரெண்டு தடவை. அவ மூஞ்சியப் பாத்தான்.

"ஏ வேலு"ன்னான். "டீ இருக்கா?"

அவ அப்பத்தான் அழுதா. ஒரு வருசத்து அழுகைய அழுதா, அழுதுக்கிட்டே, "இருக்கு, இந்தா போடுறேன், இந்தா"ன்னு எந்திரிச்சு, கல்லைப் பொறக்கிக் கூட்டி, சுள்ளிய ஒடிச்சு வச்சு, பழக்கத்துல மடியில கைய விட்டா. மடியில ஒண்ணும் இல்ல. எங்களப் பாத்தா. நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். கைநெருப்பு போயிருச்சு, அதை வச்சுப் பத்துன அடுப்பும் வெளக்கும் வீட்டு வீட்டுக்கு அதோட சேந்து அணைஞ்சு போயிருக்கும், தெரு முழுக்க எவ வீட்டுலயும் ஒரு குச்சி கெடையாது. நாடு பூராவும் அடுப்புப் பத்த வைக்கிறது நாங்க அடைச்ச பெட்டிய வச்சு, எங்க பய ஒருத்தனுக்கு ஒரு தம்ளர் டீ போட வழியில்லாம நின்னோம்.

பவுனுத்தாய் எந்திரிச்சா. எந்திரிக்கிறப்பவே மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு, பழைய சத்தம், தெருவுக்கே கேக்குற சத்தம். செவத்தைப் புடிக்கிற மாதிரிக் காத்தைப் புடிச்சுக்கிட்டே அடுப்புக்கிட்ட வந்து குத்த வச்சு உக்காந்தா. வெள்ளைச் சேலை மடிய அவுத்தா. உள்ள ஒரு தீப்பெட்டி. வேர்வையில லேபிள் கிழிஞ்சு, ஓரம் நசுங்கி, ரொம்ப நாளா அங்கனயே கெடந்த பெட்டி. அதை வேலுத்தாய் கையில வச்சா.

அது நமுத்துப் போயிருந்துச்சு, ஒரசுனா பத்தல. என் மடியில இருந்ததை எடுத்துக் குடுத்தேன். எனக்கு அடுத்தாப்புல இருந்தவ, இந்தாங்கக்கான்னு அவ மடியில இருந்து எடுத்தா. அவளுக்கு அடுத்தவ எடுத்தா. ஒவ்வொருத்தி மடியில இருந்தும் ஒண்ணு வந்துச்சு, ஒவ்வொருத்தியும் மத்த எல்லாரும் முழுசா நம்புறாக, நான் மட்டுந்தான் பாவின்னு நெனச்சு மறைச்சு வச்சிருந்த பெட்டி. யாரும் சிரிக்கல. ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே எங்களுக்கு வெக்கமா இருந்துச்சு.

அடுப்பு எரிஞ்சுச்சு. வெயிலுமுத்துக்குத் தம்ளரைப் புடிக்கக் கை இல்ல, வேலுத்தாய் ஆத்தி ஆத்தி ஊட்டி விட்டா. கொம்பையா அண்ணன் உள்ள வந்து அவன் கையில வேட்டியக் கிழிச்சுக் கட்டிக்கிட்டே, "ஏன்டா, கறிச்சோறு இல்லாமப் போச்சேடா"ன்னு சொல்லிட்டு மூஞ்சியத் தொடச்சுக்கிட்டாக. பவுனுத்தாய் மரத்துல சாஞ்சு உக்காந்து இழுத்துக்கிட்டு இருந்தா, அவ நெஞ்ச நான் நீவி விட்டேன்.

தெய்வேந்திரன் அண்ணாச்சி மட்டும் கொட்டகைப் பக்கம் தனியா வெயில்ல நின்னாக. வரவும் இல்ல, போகவும் இல்ல. அவுகளக் கூப்புடலாமா வேண்டாமான்னு நாங்க யோசிச்சுக்கிட்டு இருக்கப்பவே வேலுத்தாய் ஒரு தம்ளர்ல டீய ஊத்தி, "அண்ணாச்சி, வெயில்ல நிக்காதீக. வாங்க, வந்து குடிங்க"ன்னா. அவுக வந்தாக. தம்ளரை வாங்கக் குனிஞ்சாக. சட்டைப் பையில இருந்து ஒரு தீப்பெட்டி நழுவிக் கீழ விழுந்துச்சு.

தெருவே அதைப் பாத்துச்சு. அண்ணாச்சி குனிஞ்சவுக நிமிரல. பவுனுத்தாய் மூச்சு இழுக்குறது மட்டும் கேட்டுச்சு. வேலுத்தாய் அந்தப் பெட்டிய எடுத்து, மண்ணத் தட்டி, அண்ணாச்சி பையிலயே திருப்பிப் போட்டுட்டு, "டீ ஆறுது, குடிங்க"ன்னா.